முப்பத்தெட்டாவது விநாடி

"கையை எடுங்க!"

சுந்தரபாய் போட்ட அதட்டலில், தண்ணீரைக் கையால் திறந்துவிடும் கைப்பிடியை நெருங்கிய துரைப்பாண்டியின் விரல்கள் அப்படியே நின்றன.

சங்கரன்கோவிலிலிருந்து கரிவலம்வந்தநல்லூர் போகிற சாலையில் இருக்கும் அந்தப் பொறியியல் கல்லூரியில் அணு உலை கிடையாது. அணு உலை மாதிரியே நடந்துகொள்கிற கம்ப்யூட்டர் ஒன்று உண்டு. பேராசிரியை சுந்தரபாய் தன் இருபத்திரண்டு வருஷத்தை அதன் முன்னால்தான் கரைத்திருந்தார். உலையின் நீராவிக் கலனில் தண்ணீர் மட்டத்தைத் தானாகவே காக்கும் ஒரு புரோகிராம். இன்று கடைசிச் சோதனை. தேறினால் அணுமின் நிலையத்தின் பயிற்சிக் கூடத்துக்குப் போகும். தவறினால் கோப்பை மூடிவிடுவார்கள்.

கையெழுத்துப் போட வேண்டியவர் துரைப்பாண்டி. அந்த நிலையத்தின் கன்ட்ரோல் ரூமில் இருபது வருஷம் உட்கார்ந்த மனிதர்.

திரையில் மட்டம் சரிந்தது. நாற்பது சதவீதம். முப்பத்தாறு. இருபதைத் தொட்டால் உலை தானே அணைந்துவிடும்.

"மேடம், தண்ணி இறங்குது! உங்க புரோகிராம் சும்மா கெடக்கு!"

"அது அளவா பச்சத்தண்ணி விட்டுக்கிட்டுதான் இருக்கு. பொங்குத பால்ல பச்சத்தண்ணி தெளிச்சா அடங்குமில்லா அண்ணாச்சி? அதுக்காவ பால் குறைஞ்சு போச்சுன்னு அர்த்தமா? பயந்துபோய் இன்னும் ஊத்தினா அப்புறம் வழியும். பொறுங்க."

முப்பத்திரண்டில் நின்றது. ஏறியது. துரைப்பாண்டி கைதட்டினார். உதவிப் பேராசிரியை கோமதித்தாய்க்குக் கண்ணே கலங்கிவிட்டது.

சுந்தரபாய் மட்டும் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

துரைப்பாண்டி பேனாவைத் திறந்தார்.

"போடாதீங்க."

"ஏன்? நல்லாத்தானே ஏறிச்சு?"

"முப்பத்தெட்டாவது செகண்ட்ல ஏறிச்சு. என் கணக்குல ஐம்பது."

"சீக்கிரம் வந்தா நல்லதுதானே?"

"பனவடலிசத்திரம் பஸ் பன்னெண்டு நிமிஷம் முந்தி வந்து நின்னா, நான் போர்டைப் பாக்காம ஏற மாட்டேன்."

சோதனைக்குக் கொடுத்திருந்த எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பதினோராவது வரியில் விரல் நின்றது. கலனுக்குள் வரும் தண்ணீரின் வெப்பம்: நூற்று எண்பது டிகிரி. இருக்க வேண்டியது அறுபது.

கோமதித்தாயின் முகம் வெளுத்தது. "காலைல ஒத்திகைக்கு மாத்தினேன் மேடம்... திருப்பி வைக்க மறந்துட்டேன்."

"சுடுதண்ணிய ஊத்தினா பால் எப்படிட்டி அடங்கும்?" என்றவர், துரைப்பாண்டி பக்கம் திரும்பினார். "என் லேப். என் தப்பு. திரும்ப ஓட்டுதேன்."

துரைப்பாண்டி தயங்கினார். குரலைத் தாழ்த்தினார். "மேடம், இதையே வச்சுக்குவோமே. பயிற்சிக் கூடத்துல எப்படியும் மறுபடி பாப்பாங்கல்லா?"

"அங்கன பாக்கவங்க, நீங்க போட்ட கையெழுத்த நம்பித்தான் பாப்பாங்க."

துரைப்பாண்டி பேனாவை மூடினார்.

அறுபது என்று அடித்தார் சுந்தரபாய். பொத்தானை அழுத்தினார்.

முப்பத்திரண்டு. நிற்கவில்லை. இருபத்தெட்டு. கோமதித்தாய் உதட்டைக் கடித்தாள். இருபத்து நான்கு. இப்போது துரைப்பாண்டியின் கை கைப்பிடிப் பக்கம் போகவே இல்லை. 'நின்னுரு, நின்னுரு' என்று அவர் வாய்தான் முணுமுணுத்தது. இருபத்தொன்று...

இருபது.

சைரன் அலறியது. திரை முழுக்கச் சிவப்பு. கம்ப்யூட்டருக்குள் இருந்த உலை அணைந்தது.

நாற்பத்தாறாவது விநாடி. இன்னும் நான்கே விநாடி தாங்கியிருந்தால் ஏறியிருக்கும்.

சுந்தரபாய் படிவத்தை இழுத்து, முடிவு என்ற கட்டத்தில் 'தேறவில்லை' என்று தன் கையாலேயே எழுதி நீட்டினார்.

துரைப்பாண்டி பேனாவை மறுபடி திறந்து கீழே எழுதினார்: 'முதல் ஓட்டத்தில் இருந்த பிழையை நான் கவனிக்கவில்லை. தேறிவிட்டது என்று கையெழுத்துப் போட இருந்தேன். தடுத்தவர் இவர். இந்தக் கோப்பை மூடக் கூடாது. எங்கள் நிலையத்தில் கலனுக்குள் விடும் குளிர்நீரின் அளவுகளை இவருக்கு அனுப்பி, மறுசோதனைக்குத் தேதி கேட்கிறேன்.'

கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தார். "மேடம், நான் எழுதினதக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க."

சுந்தரபாய் காதில் அது விழவில்லை. நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டிருந்தார்.

"கோமதி, அழுதது போதும், இங்கன வா. தண்ணி விடுத வால்வு எந்த செகண்ட்ல திறந்திருக்கு, சொல்லு."