பாலாவி தாண்டிட்டன்

எழுபது சிசி மோட்டார் சைக்கிளில் மணிக்கு நூற்றிருபது கிலோமீற்றர் வேகத்தில் போனவன் இந்த நாட்டில் ஒருவன்தான். அது நான். நுரைச்சோலைப் பக்கத்துக் காற்றாலைகள் அன்று கடற்காற்றிலா சுற்றின? நான் கடந்துபோன காற்றில் சுற்றின. வீதியோரக் கழுதைகள் என்னைப் பார்க்கத் தலையைத் திருப்பியபோது நான் அடுத்த ஊரில் இருந்தேன். வேகமானியின் முள் எண்பதில் முட்டி, மேலே போக இடமில்லாமல் வளைந்து, திரும்பவும் பூச்சியத்திலிருந்து தொடங்கியது.

நம்பச் சொல்லி நான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

என் பெயர் நெய்னார், ஊர் குறிஞ்சிப்பிட்டி. முப்பத்துநான்கு வருடம் மின்சார மீட்டர் வாசித்தவன். சுவரில் இருக்கிற இலக்கத்தை அப்படியே எழுத வேண்டும். ஒன்று கூட்டினால் வீட்டுக்காரன் ஏசுவான், ஒன்று குறைத்தால் கந்தோரில் ஏசுவார்கள். அத்தனை வருடம் உள்ளே அடக்கி வைத்ததெல்லாம் பென்சன் எடுத்த மறுநாள் காலையிலிருந்து வாய் வழியாக வந்துகொண்டிருக்கிறது. அந்த வாய்தான் என்னைக் கெடுத்தது.

என் தம்பி நளீம் மௌத்தாகி ஆறு வருடம். அவனுக்கு ஒரே பிள்ளை, ஸஃப்னா. பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிறாள். போன ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புத்தளத்தில் ஒரு மண்டபத்தில் அவளுக்கு நிக்காஹ். வாப்பா இல்லாத பெண்ணுக்கு, கூடப்பிறந்த ஆண்பிள்ளையும் இல்லாவிட்டால், வாப்பாவின் சகோதரன்தான் வலிகாரர். அவர் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, "கட்டித் தந்தேன்" என்று சொல்ல வேண்டும். அதாவது நான். அந்த நாளில் எனக்கு இருந்தது அந்த ஒரு வேலை மட்டும்தான்.

காலை ஒன்பதே முக்காலுக்கு வேன் வந்தது. ஊர்க்காரர் எல்லாரும் ஏறினார்கள். என் மனைவி பளீலா ஜன்னலால் தலையை நீட்டி, "ஏறுங்களேன்" என்றாள்.

"நசுங்கிக்கொண்டு வர நான் என்ன கருவாட்டு மூட்டையா? நான் பைக்ல வாறன். நீங்க போய் இறங்கக்குள்ள நான் வாசல்ல நிண்டு உங்களுக்கு ஸலாம் சொல்லுவன்."

வேனில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு போதும் எனக்கு. வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சாரன், தலைக்கவசத்துக்குள் தொப்பி என்று பத்து மணிக்குப் புறப்பட்டேன். தெற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று நேர் முகத்தில். பைக் திணறியது, முப்பதுக்கு மேல் போக மறுத்தது. நுரைச்சோலை வரும்போது தாகம். தாஹிரின் தேத்தண்ணிக் கடையில் ஐந்து நிமிடம் நிற்கலாம் என்று இறங்கினேன்.

ஆனால் தாஹிர் கேட்டுவிட்டான்: "நெய்னார் நானா, மாப்பிள்ளை மாதிரி எங்க போற?"

சொல்லத் தொடங்கினேன். கடைக்குள் ஆறு பேர். வேனை எப்படி முந்துவேன், இந்தப் பைக்கை விலைக்குக் கேட்டுக் கொழும்பிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள், ஒருமுறை பொலிஸ் ஜீப்பையே எப்படி வெட்டி முந்தினேன். ஆறு பேர் பத்துப் பேர் ஆனார்கள். ஃபோன் அடித்தது. ஸஃப்னா.

"பெரியவாப்பா, எங்க நிக்கிறீங்க?"

கையில் பாதி வடை. நான் ஒன்றும் யோசிக்கவில்லை. வாய் யோசித்தது.

"பாலாவி தாண்டிட்டன் மகள். இன்னும் ஏழு கிலோமீற்றர்."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "பதிவுகாரருக்கு ளுஹர் தொழுகைக்கு முந்தி இன்னொரு கலியாணமாம். உங்களப் பாத்துக்கொண்டு இருக்க ஏலாது, காதியார்ட்டக் கேட்டு வேற வலி போட்டு முடிப்போம் எண்டு றஊப் மாமா சொல்றார். நான் ஏலாதெண்டுட்டன். வாப்பாட இடத்துல நீங்கதான் இருக்கோணும். நீங்க பாலாவில எண்டா சரி, நான் அவங்கள்ட்டச் சொல்றன்."

றஊப் என்பவர் மாப்பிள்ளையின் பெரிய மாமா.

நான் ஃபோனை வைத்தேன். தாஹிர் மெதுவாகக் கேட்டான்: "நானா, பாலாவி எப்ப நுரைச்சோலைக்கு வந்த?"

பத்துப் பேரும் சிரித்தார்கள். என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

வீதிக்கு வந்தபோது கல்பிட்டிப் பக்கமிருந்து ஒரு கூலர் லொறி மீன் ஏற்றிக்கொண்டு வந்தது. அது என்னைக் கடந்த விநாடியில் காற்று நின்றது. அந்தப் பெரிய பெட்டி காற்றை எல்லாம் தன் நெஞ்சில் வாங்கிக்கொண்டது. அதன் முதுகோடு ஒட்டினேன். பைக் கனம் இறங்கியதுபோல் பாய்ந்தது. ஐம்பது. அறுபது. லொறி என்னைக் கயிறு கட்டி இழுப்பதுபோல் இருந்தது. இரண்டு முழம் விலகினால் காற்று பிடித்துப் பின்னால் தள்ளிவிடும். ஆகையால் விலகவில்லை. அவன் பிரேக் போட்டால் நான் மீன்களோடு மீன். எழுபதில் கண்ணாடி கழன்று தொங்கியது. எழுபத்தெட்டில் என் பற்கள் ஒன்றோடொன்று கதைத்தன. லொறியின் அடிப்பக்கக் குழாயிலிருந்து ஐஸ் உருகிய மீன் தண்ணீர் என் நெஞ்சில், வாயில், வெள்ளைச் சாரனில் பீச்சியடித்தது. துப்பவும் முடியவில்லை. கலிமாவை மட்டும் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் கலிமாவுக்கு நடுவில் "பாலாவி தாண்டிட்டன்" என்ற என் குரலே திரும்பத் திரும்பக் கேட்டது.

பாலாவிச் சந்தியில் லொறி கொழும்புப் பக்கம் திரும்பியது. நான் புத்தளம் பக்கம். இப்போது காற்று என் முதுகில். உப்பளங்கள் வெள்ளைக் கோடாக ஓடின.

மண்டபத்துக்குள் நுழைந்தபோது முன்வரிசை தானாக விலகியது. மரியாதையால் அல்ல, மணத்தால். றஊப் கைலேஞ்சியை மூக்கில் வைத்தார். பதிவுகாரர் ஒன்றும் கேட்காமல் பாயைக் காட்டினார்.

மாப்பிள்ளை ரிஷாத்தின் வலது கையைப் பிடித்தேன். அப்போதுதான் தெரிந்தது, என் கை நிற்கவில்லை. அந்தச் சின்ன எஞ்சின் இன்னும் என் எலும்புக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பிடித்த கையோடு அவனுடைய கையும் ஆடியது, அவன் தோளும் ஆடியது. வாய் திறந்ததும் குரலும் ஆடியது.

பதிவுகாரர் குனிந்து, "ஆறுதலாச் சொல்லுங்க. தம்பிட ஞாபகம் வந்திருக்கும்" என்றார்.

சபை முழுவதும் "ச்ச்ச்" என்றது. யாரோ ஒருவர் மூக்கை உறிஞ்சினார். றஊப் கூட லேஞ்சியை மூக்கிலிருந்து எடுத்துக் கண்ணில் வைத்தார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? அது தம்பி இல்லை, பைக் என்று சொல்லியிருக்க வேண்டும். நானும் என் லேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு "கட்டித் தந்தேன்" என்றேன். ஆயிரம் அளந்திருக்கிறேன், அதுபோல் அசிங்கமாக ஒன்றையும் அளந்ததில்லை.

ஒரு கிழமை கழித்து மாப்பிள்ளை, பெண் இருவருக்கும் எங்கள் வீட்டில் விருந்து. நான் என்னைத் திருத்திக்கொண்டேன் என்று நினைக்கிறீர்களா? சாப்பாட்டுக்கு முன்னாலேயே நூற்றிருபதில் ஓட்டத் தொடங்கிவிட்டேன். ரிஷாத் சிரித்துச் சிரித்துத் தண்ணீரைக் கொட்டினான். "நான் நம்புறன் மாமா. அண்டைக்கு உங்கட கையில மீன் லொறியே இருந்திச்சி" என்றான். அக்கம்பக்கத்தார் எல்லாரும் நம்பினார்கள். ஸஃப்னா சிரிக்கவில்லை. கை கழுவ நான் கிணற்றடிக்குப் போனபோது பின்னால் வந்தாள்.

"பெரியவாப்பா, ஒண்டு கேக்கட்டா?"

"ரெண்டு கேளுங்க மகள்."

"நான் கோல் எடுத்த நேரம் பதினொண்டு நாலு. நீங்க மண்டபத்துக்கு வந்தது பதினொண்டு இருபத்திரெண்டு. நான் மணிக்கூட்டத்தான் பாத்துக்கொண்டிருந்தன். பாலாவில இருந்து ஏழு கிலோமீற்றர். பதினெட்டு நிமிஷம். அப்பிடியெண்டா மணிக்கு இருபத்துமூணு. சைக்கிள்ல வாறவங்க அதவிட வேகமா வருவாங்க."

நான் வாளியைப் பார்த்தேன்.

"வழியில யாருக்கோ கதை சொல்லிக்கொண்டு நிண்டிருக்கீங்க. பாலாவிக்கு வந்துட்டார், வந்துட்டார் எண்டு நான் ஒவ்வொருத்தர்ட்டயும் கெஞ்சினன். நீங்க எனக்காக அக்ஸிலேட்டர ஒரு முறுக்குக் கூட முறுக்கல்ல."

பேசாமல் இருந்திருக்கலாம். இருந்தால் மெதுவாக வந்த பெரியவாப்பா. சொன்னால் பொய்க்காரப் பெரியவாப்பா. ஆனால் முறுக்கவில்லை என்று அவள் சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை.

"நான் பாலாவில இருக்கல்ல மகள்."

"அப்ப?"

"நுரைச்சோலை. தாஹிர்ட கடை. கையில வடை. ஊர் வேனை எப்பிடி முந்துவன் எண்டு பத்துப் பேருக்குப் பெரிய கதை விட்டுக்கொண்டிருந்தன். நேரம் போனது தெரியல்ல. நீங்க கேட்டீங்க, வாயில பாலாவி வந்திட்டுது. அங்க கை நடுங்கினதும் வாப்பாவ நினைச்சில்ல. மீன் லொறிக்குப் பின்னால ஒட்டிக்கொண்டு ஓடின பைக் நடுக்கம்."

இதில் ஒரு சொல் கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சுவரில் இருந்ததை அப்படியே எழுதினேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

அவள் விரல்களை மடக்கி எண்ணினாள். பிறகு வாய்க்குள் முணுமுணுத்தாள். "நுரைச்சோலையில இருந்து இருபது கிலோமீற்றர் வரும். பதினெட்டு நிமிஷம். அறுபத்தாறு தசம் ஆறு."

"எழுபது எண்டு வச்சிக்கொள்ளுவ..."

"வாய மூடுங்க பெரியவாப்பா."

மூடினேன்.

"அந்தச் சாமான்ல. எதிர்காத்துல."

"ஓம்."

"லொறிக்குப் பின்னால, ஒட்டிக்கொண்டு."

"ஓம் மகள்."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். கோபம் போகவில்லை. போகக் கூடாது என்றுதான் நானும் நினைத்தேன்.

"நூத்திருபது இல்ல."

"இல்ல."

"ஆனா ஓடித்தான் வந்திரிக்கிறீங்க," என்றாள். "ஓம். அது நடந்திரிக்கிது."