இல்லாத கம்பெனிக்கு மார்க்

1
“இல்லாத கம்பெனிக்கு யாராச்சும் மார்க் போடுவாங்களா? நீயே சொல்லு” என்று வஹீதா கேட்டாள். இதை எழுதுகிறவள் அப்போது வஹீதாவின் துவாக்குடிப் பட்டறையில் பைப் கிளாம்புகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பதில் வாயில் வரவில்லை. வராத அந்தப் பதில்தான் இந்தக் கதை.

2
முதல் தொடக்கம்: மழைக்கு முந்தைய காற்றில் காவிரிப் பாலத்தின் மேல் வஹீதா தனியாக... (வேண்டாம். இந்தக் கதையில் மழையே கிடையாது.)

இரண்டாவது: வஹீதாவின் தம்பி அப்ரார் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தான். அவன் கூட்டுச் சேர்ந்தால் பட்டறை பிழைக்கும். இல்லையென்றால் ரம்ஜான் கழிந்ததும் பூட்டிவிடுவதென்று அவள் முடிவு செய்திருந்தாள். கூப்பிட்டதற்கு அவனோ கைப்பேசியை நீட்டினான்.

“தொழில் பண்ண எந்த நாடு லேசுன்னு உலகம் பூரா வரிசை போட்டிருக்காங்கக்கா. நம்ம நாடு எங்க கிடக்கு, பாரு.”

(அது பழைய வரிசை. கணக்கில் கோளாறு என்று போட்டவர்களே நிறுத்திவிட்டார்கள். அப்ராருக்குத் தெரியாது. சொன்னால் கதை இங்கேயே முடிந்துவிடும்.)

“துவாக்குடிக்கு வந்து பார்த்தாங்களாமா?”

“எதுக்கு வரணும்? மும்பை, டெல்லியில வக்கீலு, ஆடிட்டர்கிட்ட கேப்பாங்க. ஒரு கம்பெனி இருக்கறதா வச்சுக்கிட்டு, அதுக்கு கரண்ட் வாங்க எத்தனை நாளாகும்னு கேட்டு மார்க் போடுவாங்க...”

“வச்சுக்கிட்டா? அப்ப அது கதைடா!”

“கதைதான். உன் மிஷினுக்கு கரண்ட் வர எட்டு மாசம் ஆச்சே, அதுவும் கதையா?”

அப்போதுதான் வஹீதா, பெட்டி அடுக்குகிறவள் பக்கம் திரும்பி, தொடக்கத்தில் உள்ள அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

3
அந்தக் கம்பெனி எழுதுகிறவளின் கண்ணை விட்டுப் போகவில்லை. பெயரில்லாத வெள்ளைக் கிடங்கு ஒன்று ஸ்ரீரங்கத்துக் கோபுரத்துக்கு மேலே மெல்ல மிதந்து வருகிறது. பூ கட்டுகிறவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். ஆற்று மணலில் அதற்கு நிழல் விழவில்லை. துவாக்குடியில் இறங்குகிறது. உள்ளே எல்லா விளக்கும் எரிகின்றன. முதலாளி இருக்கிறான், அவனுக்கு அக்கா இல்லை. கரண்ட் போன மத்தியானத்தில், “டீசல் மட்டும் ஊத்திருங்கம்மா” என்று ஜெனரேட்டர் வயரை நீட்டும் பக்கத்துப் பட்டறை இன்னாசிராஜும் இல்லை.

(இன்னாசிராஜுக்கு எத்தனை மார்க்? அந்த வரிசையில் அப்படி ஒரு கட்டமே இல்லை.)

4
முடிவு ஒன்று: அப்ரார் கூட்டுச் சேர்கிறான். (எழுதும்போதே இனித்தது. அதனாலேயே சந்தேகம்.)

முடிவு இரண்டு: அப்ரார் விமானம் ஏற, வஹீதா பட்டறைச் சாவியை... (கை ஓடவில்லை.)

நடந்தது இவ்வளவுதான். “ரேங்க்கு கிடக்கட்டும்டா. நான் கேக்குறேன், இருப்பியா?” என்றாள் வஹீதா. அப்ரார் கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தான், செருப்பை மாட்டினான். இந்த ஊரில் தூரம் போகிறவர்கள் “போயிட்டு வரேன்” என்று சொல்லாமல் படியிறங்க மாட்டார்கள். டீ குடிக்கப் போகிறவர்கள் சொல்வதில்லை. மனம் கசந்தவர்களும் சொல்வதில்லை. இவன் இதில் யார் என்பதை, வாசிக்கிறவரே, நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்ரார் ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியே போனான்.