மூன்று லேட்டுக்கு ஒரு நாள்

நான் சண்டைக்காரி. ராயப்பேட்டையில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், வஜீஹாவிடம் வாய் கொடுத்து மீள முடியாது என்று. கேஸ் சிலிண்டர் போடுகிறவன்கூட எங்கள் வீட்டில் மட்டும் மீதிச் சில்லறையைக் கேட்காமலே கொடுத்துவிட்டுப் போவான். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு கொஞ்சம் திமிராகத்தான் திரிந்தேன். இப்போது யாராவது அப்படிச் சொன்னால் எனக்கு முகம் சுருங்கிப்போகிறது.

தி.நகரில் உஸ்மான் ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு புடவைக் கடை. அங்கே நான் சேல்ஸ். காலையில் ஒன்பதரைக்குள் மெஷினில் விரல் வைக்க வேண்டும். ஒரு நிமிடம் தாண்டினாலும் லேட். மூன்று லேட்டுக்கு ஒரு நாள் சம்பளம் கட். என் மகள் ரூஹிக்கு நாலு வயது. அவளுடைய நர்சரி கடைக்கு அடுத்த தெருவில்தான். ஆனால் அங்கே ஒன்பதே முக்காலுக்கு முன்னால் கதவைத் திறக்க மாட்டார்கள். என் வீட்டுக்காரர் ஹம்மாத் கோயம்பேட்டில் காய்கறி மண்டியில் வேலை. விடிவதற்கு முன்னால் போய்விடுவார். மத்தியானம் பிள்ளையை அவர் கூட்டிக்கொண்டு போவார், காலை மொத்தமும் என் தலையில். நடுவே அந்தக் கால் மணி நேரம் பிள்ளையை நான் என்ன, புடவை மாதிரி மடித்து ஷெல்ஃபிலா வைக்க முடியும்?

வழி சொன்னவர் லாரன்ஸ் அண்ணன். ஸ்டாஃப் நுழைகிற பின்பக்க கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி. கடை ஆள்கூட இல்லை, ஏதோ ஏஜென்சி மூலமாக வந்தவர். ஒரு நாள் நான் ரூஹியை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே தவித்துக்கொண்டிருந்தபோது அவரேதான் கூப்பிட்டார்.

“இன்னாத்துக்குமா டெய்லி ரோட்டுல நின்னுகினு கண்ண கசக்குற? பாப்பாவ இங்க குந்த வச்சிட்டு நீ மேல போ. ஸ்கூல் தொறந்ததும் நான் வுட்டுட்டு வரேன்.”

“உங்களுக்கு எதுனா பிரச்சினை ஆயிடப் போவுதுண்ணா.”

“அஞ்சு நிமிசத்துல இன்னா ஆயிடும்? கடைய எவன் தூக்கிக்கினு போவப் போறான்?”

பன்னிரண்டு மணி நேர டியூட்டிக்கு அவருக்கு இருந்தது ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ரூஹியை உட்கார வைத்துவிட்டு அவர் நிற்பார். ரூஹிக்கு லாரன்ஸ் என்று வாயில் வராது, “லாரி மாமா” என்பாள். அவரும் ஹார்ன் அடிக்கிற மாதிரி சத்தம் போட்டுக்கொண்டே அவளைத் தூக்கிக்கொண்டு போவார். பக்ரீத்துக்கு ஒரு டப்பா பிரியாணி கொடுத்ததைத் தவிர அவருக்கு நான் எதுவும் செய்ததில்லை.

போன மாதச் சம்பளத்தில் எனக்கு இரண்டு நாள் கட். ஸ்லிப்பைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. நான் கேட்டுக்குள் வருவது ஒன்பதே காலுக்கு. கீழே பையையும் போனையும் ஒப்படைக்க வரிசை, யூனிஃபார்ம் புடவை மாற்ற ஒரு வரிசை. லிஃப்ட் கஸ்டமருக்கு மட்டும். விரல் வைக்கிற மெஷினோ நாலாவது மாடியில். மூச்சு வாங்க ஏறிப் போய் விரலை வைத்தால் ஒன்பது முப்பத்திரண்டு என்று காட்டும். பிள்ளையை விட்டுவிட்டு, அது அழுகிறதா என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடி வருகிறவளுக்கு லேட்டா? நேரே மேனேஜர் ரூமுக்குப் போனேன்.

மேனேஜர் சுப்பராமன் மயிலாப்பூர்க்காரர். குரலை உயர்த்த மாட்டார். அதுவே எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

“மெஷின்ல என்ன இருக்கோ அதைத்தானேம்மா நான் பார்க்க முடியும்?” என்றார்.

“மெஷின நாலாவது மாடில வச்சது நானா சார்? நான் வந்தது இன்னா டைம்னு கேட்டாண்ட இருக்குற கேமராவப் போட்டுப் பாருங்க. ஒரே ஒரு நாள் ஒன்பதரைக்கு அப்புறம் வந்திருந்தா மொத்த சம்பளத்தையும் புடிச்சுக்கங்க!”

அப்படிச் சொன்னபோது எனக்கு என்ன ஒரு பெருமிதம்! கதவுக்கு வெளியே நின்ற பெண்களுக்கெல்லாம் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன். அவர் ஆளைக் கூப்பிட்டு ஸ்கிரீனில் போடச் சொன்னார்.

நான் வந்துகொண்டிருந்தேன். ஒன்பது பதினாலு. “பாத்தீங்களா சார்?” என்றேன். ஸ்கிரீனில் நான் குனிந்து ரூஹியை நாற்காலியில் உட்கார வைத்தேன், ஓடினேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அல்லாவே, இதை யோசிக்கவே இல்லையே.

சுப்பராமன் நிறுத்தவில்லை. லாரன்ஸ் அண்ணன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார். கேட் ஆளில்லாமல் கிடந்தது. யாரோ ஒருத்தன் அவன் பாட்டுக்கு உள்ளே வந்து, அங்குமிங்கும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். சுப்பராமன் இன்னொரு நாளைப் போடச் சொன்னார், அப்புறம் இன்னொரு நாளை. எல்லா நாளும் அதே கதை.

“குழந்தை உங்களுதா?”

“ஆமா சார்.”

“தினமும் கேட்டை விட்டுட்டு வெளில போயிண்டிருக்கார். நீங்க கேட்டேளா, அவரா செஞ்சாரா?”

நான்தான் கெஞ்சினேன், அவர் மாட்டேன் என்றுதான் சொன்னார், நான் கேட்கவில்லை. இப்படி ஒரு வார்த்தை பொய் சொன்னால் போதும், அவர் தப்பித்துவிடுவார். மிஞ்சிப் போனால் எனக்கு ஒரு மெமோ கொடுப்பார்கள், இரண்டு நாள் சம்பளம் போகும். அது எனக்குத் தெரியும். அந்த நிமிடமே தெரியும்.

“அவரேதான் சார் சொன்னாரு, வுட்டுட்டுப் போன்னு.”

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

“சரி. நீங்க நேரத்துக்கு வந்திருக்கேள், உங்க பக்கம் நியாயம் இருக்கு. ரெண்டு நாளையும் போட்டுடச் சொல்றேன்” என்றார் சுப்பராமன். நான் தேங்க்ஸ் சார் என்றேன். நாக்கு கூசாமல் சொன்னேன். அன்றைக்குக் கவுன்டரில் வியாபாரம் வேறு நன்றாக ஆனது.

சாயங்காலம் கேட்டில் லாரன்ஸ் அண்ணன் கலர் சட்டையில் நின்றுகொண்டிருந்தார். யூனிஃபார்ம் ஒரு கேரி பேக்கில் சுருட்டிக் கிடந்தது.

“ஏஜென்சிலர்ந்து போன் வந்துச்சுமா. நாளைலர்ந்து இங்க வர வாணாமாம்.”

“ஏண்ணா, இன்னா ஆச்சு?” என்று கேட்டேன். கேட்டேனே பாவி!

“தெர்லமா. எவனோ பத்த வச்சிட்டான் போல.” பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நாலு அடி போனவர் திரும்பி வந்தார். “காலைல பாப்பாவ இன்னா பண்ணுவ?”

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

ராத்திரி ஹம்மாத்திடம் சொன்னேன். அவர் ஒன்றும் திட்டவில்லை. “போய் அந்த மனுசன்கிட்ட சொல்லிடு வஜீஹா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். மறுநாள் நான் முதலில் சுப்பராமனிடம்தான் போனேன். சார், நான்தான் கெஞ்சிக் கேட்டேன், என் சம்பளத்தையே பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். “நேத்திக்கு ஒண்ணு சொன்னேள், இன்னிக்கு ஒண்ணு சொல்றேள். நான் எதை நம்பறது?” என்று கேட்டார். நான் கவுன்டருக்குத் திரும்பிப் போனேன்.

இப்போது நர்சரிக் கதவு திறக்கிற வரைக்கும் ரூஹியோடு வெளியே நிற்கிறேன். அப்புறம் ஓடுகிறேன். லேட் மேல் லேட் விழுகிறது. கட் ஆன ஸ்லிப்பை மடித்து வைத்துக்கொள்கிறேன். யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. ரூஹிதான் கேட்டைத் தாண்டும்போதெல்லாம் லாரி மாமா எங்கே என்று என் துப்பட்டாவைப் பிடித்து இழுக்கிறாள்.

ஏஜென்சி நம்பர் வாங்கி விசாரித்தேன். அபிராமபுரத்தில் ஒரு அபார்ட்மென்டில் போட்டிருக்கிறார்களாம், சம்பளம் முன்னைவிடக் கம்மி. போன செவ்வாய் எனக்கு வீக்லி ஆஃப். அந்த இரண்டு நாள் சம்பளத்தை ஒரு கவரில் போட்டுக்கொண்டு ரூஹியோடு போனேன். வழி நெடுக மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். வேண்டாம்மா என்று அவர் தள்ளுவார், நான் கையில் திணிப்பேன், எனக்குக் கொஞ்சம் ஆறும். இப்படியெல்லாம் கணக்குப் போட்டிருந்தேன்.

அவர் கேட்டுக்கு உள்ளே நின்றிருந்தார். நாற்காலி எதுவும் கண்ணில் படவில்லை. என்னைப் பார்த்ததும் லேசாகத் தலையாட்டினார்.

“அண்ணா, பத்த வச்சது நான்தான்.”

“தெரியும்மா. ஏஜென்சில சொன்னாங்க.”

“என் லேட்டுக்காகத்தான் கேமராவப் பாக்கச் சொன்னேன். இப்டி ஆவும்னு தெர்ல. அவரு கேட்டாரு, நான் பொய் சொல்லலண்ணா. ஆனா…”

“நீ எங்க பொய் சொன்ன? நான்தான வுட்டுட்டுப் போன்னு சொன்னேன்.” தொப்பியைச் சரி செய்துகொண்டார். “சும்மா இருந்திருக்கலாம்ல?”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கவரை நீட்டினேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கி, பிரித்துப் பார்க்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் ஆறவில்லை.

அதற்குள் ரூஹி என் கையை உதறிவிட்டு ஓடினாள். “லாரி மாமா!” என்று அவர் காலடியில் போய் நின்று, தூக்கச் சொல்லி இரண்டு கையையும் உயர்த்தினாள். அவர் குனியப் போனார். பாதியில் நிமிர்ந்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

“பாப்பாவப் புடிச்சிக்கமா. இங்கயும் கேமரா கீது.”

ரூஹிக்கு அது புரியவில்லை. கையைத் தூக்கியபடியே நின்றாள். நான்தான் போய் அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினேன்.