ஓடாத வண்டிக்கு எதற்கு ஆயில்?

எங்கள் ஊர் வில்காராவில் பாருக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள உள்ளே வர வேண்டியதில்லை. வாசலைப் பார்த்தால் போதும். ஒவ்வொருவர் வண்டியும் இன்ஜின் அணைக்காமல் உறுமிக்கொண்டு நிற்கும். வண்டிக்குள் ஏசி ஓடும், ஏசிக்கு முன்னால் அவரவர் நாய் உட்கார்ந்திருக்கும். குவீன்ஸ்லாந்தின் இந்தக் கோடியில், கோடைக்காலத்தில் அணைத்த வண்டிக்குள் நாயை விட்டுப்போகிறவனை ஒருவரும் மனுஷனாக மதிக்க மாட்டார்கள். பெண்டாட்டியை விட்டுப்போனால் அது அவன் குடும்ப விவகாரம்.

அந்தப் பாரை நடத்துவது நானும் என் வீட்டுக்காரர் மெர்வும். கடை எங்கள் கைக்கு வந்தபோதே அதோடு சேர்ந்து வந்தவர் நெவில். அவர் வீடு அடுத்த தெருவில்தான். ஆனாலும் வண்டியில்தான் வருவார். சாப்பாட்டு வேளைக்கு முன்பே வந்து உட்கார்ந்தால் பொழுது சாயும்போதுதான் எழுந்திருப்பார். அதுவரை அவருடைய டீசல் பிக்கப்பில் பிஸ்கட் என்கிற அவர் நாய் குளுகுளுவென்று தூங்கும்.

நெவிலுக்கு உலகத்தில் ஒரே ஒரு பெருமைதான். அவர் வண்டியில் கிலோமீட்டர் ஏறாது.

"ஆயில் மாத்துனியாய்யா?" என்று மெர்வ் கேட்பார்.

"எதுக்கு மாத்தணும்? பத்தாயிரம் ஓடினா மாத்துன்னு கண்ணாடியில சீட்டு ஒட்டியிருக்கான். நான் இன்னும் ரெண்டாயிரத்தயே தொடல. உன்ன மாதிரி ஊர் சுத்துறவனா நான்?"

"இல்லன்னா ஆறு மாசம், எது முந்துதோ அதுன்னும் அதே சீட்டுல போட்டிருக்குல்ல?"

"அது ஆயில் விக்கிறவன் சொல்றது."

"கறுத்துக் கெடக்கும்யா."

"டீசல் வண்டியில ஆயில் ஊத்துன மறுநாளே கறுக்கும், தெரிஞ்சுக்க. இன்னொண்ணு சொல்லவா? உங்க வண்டியிலல்லாம் ஆயில் குறையும். என் வண்டியில கூடுது! ஆயில் அளக்குற குச்சிய விட்டுப் பாரு, மேல் கோட்டத் தாண்டி நிக்குது!"

நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓடினால் எரியாத டீசல் கசிந்து ஆயிலில் கலக்கும், கூடுவது அதுதான் என்று மெர்வ் பொறுமையாகச் சொன்னார். சக்கரம் சுற்றாவிட்டாலும் இன்ஜின் நாள் முழுக்கச் சுற்றுகிறதே, அதைக் கிலோமீட்டரில் எப்படிக் கணக்குப் பார்ப்பாய் என்றும் கேட்டார். நெவில் காலிக் கோப்பையை எங்கள் பக்கம் நகர்த்தினார். அதை நிரப்புவதுதான் எங்கள் பிழைப்பு, நிரப்பினோம்.

நெவிலுக்கு டானிகா என்று ஒரு மகள். நாங்கள் இந்த ஊருக்கு வருவதற்கு முன்பே அம்மாவோடு கிளம்பிப்போனவள், நான் பார்த்ததுகூட இல்லை. இங்கே உச்சக் கோடையான ஜனவரியில் ஒரு நாள் அவள் பாருக்குப் போன் செய்தாள். வேறு எங்கே செய்தாலும் அவள் அப்பா கிடைக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"பிப்ரவரியில எனக்குக் கல்யாணம், ரோண்டா. சார்ல்வில் சர்ச்ல, மூணு மணிக்கு. அப்பா வந்தா அவர் கையப் பிடிச்சிட்டு உள்ள போவேன். வரலன்னா கிரெக் இருக்காரு. காத்திருக்க மாட்டேன்னு சொல்லிடுங்க."

கிரெக் அவள் அம்மாவின் இரண்டாவது கணவர். நான் சொன்னதைக் கேட்டு நெவில், "என் கையவா? நெசமாவா சொன்னா?" என்று அன்று முழுக்க என்னைப் பாடாய்ப் படுத்தினார். கோட்டு வாங்கினார். என்னிடம் கொடுத்துச் சட்டையை இஸ்திரி போடச் சொன்னார். கல்யாணத்துக்கு முந்தின நாள் பார் பக்கமே வரவில்லை. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

"எங்க வண்டியிலயே வந்துடு" என்றார் மெர்வ்.

"கிரெக் பார்க்க நான் அடுத்தவன் வண்டியில போய் எறங்கணுமா? போய்யா" என்று சொல்லி, விடிந்ததும் பிஸ்கட்டோடு கிளம்பிவிட்டார்.

டானிகா போனில் கேட்டிருந்தபடி கல்யாண கேக் என் பொறுப்பு. அதை முடித்து, பின்சீட்டில் பத்திரமாக வைத்துக்கொண்டு நாங்கள் புறப்பட வெகுநேரமாகிவிட்டது. பாதி வழியில், மரமே இல்லாத பொட்டல்வெளியில், நெவிலின் பிக்கப் பானெட் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. கோட்டு சட்டையோடு அவர் வண்டியின் நிழலில் உட்கார்ந்து, தொப்பியால் நாய்க்கு விசிறிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் போனில் ஒரு கோடு சிக்னல்கூடக் கிடைக்காது, காலையிலிருந்து வேறு வண்டி ஒன்றும் அந்த வழியே வரவில்லை.

மெர்வ் குச்சியை உருவிப் பார்த்தார். தார் மாதிரி வழிந்தது.

"செவப்பு வெளக்கு எரிஞ்சிருக்குமே?"

"எரிஞ்சுது. வெளக்குதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். ஆயில்தான் நெறைய இருக்கே!"

"இன்ஜினே போச்சுய்யா. கட கடன்னு சத்தம் வந்திருக்குமே?"

"ரேடியோவ சத்தமா வச்சேன்" என்றார் நெவில். "மணி என்ன ஆச்சு, மெர்வ்?"

கேக்கை அவர் மடியில் வைத்து, நாயைக் காலடியில் திணித்துக்கொண்டு பறந்தோம். வழி நெடுக அவர் தூரம் காட்டும் பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார்.

சர்ச் வாசலை அடைந்தபோது நாலு மணி தாண்டிவிட்டது. ஜனங்கள் எல்லோரும் உள்ளே இருந்தார்கள். கிரெக் மட்டும் ஒரு மரத்தடியில் நின்று, நெவிலைப் பார்த்ததும் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். நெவில் கூச வேண்டாமென்றுதான், நல்ல மனுஷன். வெள்ளை ரிப்பன் கட்டிய ஒரு கார் தனியாக நின்றது. பின்சீட்டில், கல்யாண உடையில், கையில் வாடிப்போன பூச்செண்டோடு டானிகா உட்கார்ந்திருந்தாள். காத்திருக்க மாட்டேன் என்று சொன்னவள்.

நெவில் கேக்கை என் கையில் தள்ளிவிட்டு ஓடினார்.

"டானி, நடுவழியில வண்டி நின்னுடுச்சும்மா. ரெண்டாயிரம்கூட ஓடல, புது வண்டி மாதிரி..."

"பார் வாசல்லயே நின்னா எப்படிப்பா ஓடும்?"

"உள்ள நாய் இருக்கேம்மா. இந்த வெயில்ல வாயில்லா ஜீவன் என்ன பண்ணும்? அதான் இன்ஜின அணைக்காம, ஏசியப் போட்டுட்டு..."

டானிகா கதவைத் திறந்து இறங்கினாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

"சின்ன வயசுல நானும் அந்தப் பார் வாசல்ல, வண்டியிலதான் உக்காந்திருப்பேன்ப்பா. ஒரு லெமனேடு வாங்கிக் குடுத்துட்டு உள்ள போவ. அப்பல்லாம் நீ இன்ஜின அணைச்சு சாவிய எடுத்துட்டுப் போயிடுவ."

நெவில் தொப்பியைக் கழற்றினார்.

"வா, எல்லாரும் உள்ள உக்காந்திருக்காங்க" என்று அவள் அவருடைய கையைப் பிடித்தாள். அப்படித்தான் உள்ளே போனார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு போக வந்தவரை, மகள்தான் கூட்டிக்கொண்டு போனாள்.