எடை குறைக்கக் கட்டிய காப்பு

என் வீட்டுக்காரர் ஆகாயத்தில் சோறு பரிமாறுகிறவர். எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். விமானத்தில் ஸ்டூவர்ட் என்றால் யாருக்கும் புரியாது. மெட்ராசில் ஏறி கொழும்பு, சிங்கப்பூர், பம்பாய் என்று சுற்றிவிட்டு, மாதம் ஒருமுறை ரயிலில் காரைக்குடி வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து ஊர் வந்து சேர்வார். பெயர் கருத்தையா. ஆளும் பெயருக்குத் தக்கபடிதான். ஆனால் சிரித்தால் பல் வரிசை பளிச்சென்று இருக்கும். அந்தப் பல்லைப் பார்த்துத்தான் நான் கழுத்தை நீட்டினேன் என்று என் ஓரகத்தி பொன்னுத்தாயி அக்கா இன்றைக்கும் கேலி செய்வாள். பொய் என்று சொல்ல மாட்டேன்.

1972 மாசியில் பன்னிரண்டு நாள் லீவில் வந்தவர், பையைக்கூட இறக்காமல் ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். கம்பெனி டாக்டர் கொடுத்தது. எடை எண்பத்தொன்று. பங்குனிக் கடைசியில் நடக்கும் பரிசோதனைக்குள் எழுபத்தேழுக்கு வர வேண்டும். வராவிட்டால் இனிமேல் பறக்க முடியாது, விமான நிலையத்திலேயே தரையில் வேலை.

எப்படி ஏறாமல் இருக்கும் எடை? விமானத்தில் இருக்கிற எல்லாருக்கும் தட்டு வைக்கிற மனுஷனுக்குத் தனக்கென்று ஒரு தட்டு கிடையாது. திரைக்குப் பின்னால் நின்றுகொண்டே, மிஞ்சின ரொட்டி, வெண்ணெய், கேக் என்று கையில் கிடைத்ததை வாயில் போட்டுக்கொள்வார்.

"நேத்து ராத்திரி தின்னதே செரிக்கல, அதுக்குள்ள சிங்கப்பூர்ல விடிஞ்சுருது. காலைச் சாப்பாடுன்னு வைக்கிறாக. எனக்குப் பசிக்குதா இல்லையான்னே தெரிய மாட்டேங்குது, வீரா."

நான் நல்லவள் என்று காட்டிக்கொள்ள இதைச் சொல்லவில்லை. காகிதத்தைப் பார்த்ததும் என் மனசில் முதலில் வந்தது சந்தோஷம்தான். தரையில் வேலை என்றால் மெட்ராசில் நிரந்தரமாக ஒரு வீடு. அங்கே அவர் நான்கு பேரோடு அறையைப் பங்குபோட்டுக்கொண்டு கிடக்க வேண்டாம். சாயங்காலம் ஆனால் வீட்டுக்கு வருவார். நானும் இங்கே வயலையும் மாட்டையும் கட்டி அழ வேண்டாம். கல்யாணமாகி மூன்று வருடத்தில் அவர் என்னோடு இருந்த நாட்களைச் சேர்த்தால் ஐந்து மாதம் தேறுமா என்பது சந்தேகம்.

அவரோ அந்தக் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மறுபடி எடுத்துப் பார்த்தார். மறுபடி மடித்தார்.

"திருச்சி தாண்டுனா சன்னல் பக்கம் போயிருவேன். கீழ நம்ம கண்மாய் தெரியுதான்னு பாப்பேன். இம்புட்டு வருசத்துல ஒரே ஒரு தடவைதேன் தெரிஞ்சுச்சு. அதுவும் நம்ம கண்மாய்தேன்னு சத்தியம் பண்ண முடியாது. என்னையப் போயி பொட்டிக்குச் சீட்டு ஒட்டச் சொன்னா எப்படி?"

அந்த முகத்தைப் பார்த்தபிறகு என் சந்தோஷத்தை நானே திட்டிக்கொண்டேன். அது மட்டுமில்லை. இந்த முறை எனக்கும் ஒரு டிக்கெட் வாங்கியிருந்தார். லீவு முடிந்ததும் இரண்டு பேருமாக மெட்ராஸ் போவது, அங்கிருந்து நான் திருச்சிக்கு விமானத்தில் திரும்புவது. இறங்கும்போது தூரத்திலாவது கண்மாய் தெரிகிறதா என்று நானும் பார்க்கலாம். ஊரில் ஒரு வீடு பாக்கி இல்லாமல் அதைச் சொல்லியிருந்தேன். அரக்கு நிறத்தில் ஒரு சேலையும் எடுத்து வைத்திருந்தேன்.

எடையைக் குறைக்கிறது பெரிய வித்தை இல்லை. கேழ்வரகுக் கூழ், கீரை, கொள்ளு ரசம், நேரத்துக்குச் சாப்பாடு. அதை நான் பார்த்துக்கொள்வேன். பார்த்துக்கொள்ள முடியாதது பங்காளி வீடுகள்தான். அவர் வந்த மறுநாள் பொன்னுத்தாயி அக்கா கோழி அடித்தாள். அதற்கு மறுநாள் அவருடைய பெரியப்பா, எனக்கு மாமா முறை, கோட்டைச்சாமி வீட்டில் கறி. நடுவில் பணியாரம், அதிரசம், கந்தரப்பம் என்று ஆளாளுக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். வேண்டாம் என்று ஒருநாள் வாய் திறந்தார்.

"ஆகாசத்துல பறக்குறவுகளுக்கு எங்க சோறு எறங்குமா?" என்று அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மனுஷன் பதறிப்போய் இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

மூன்றாம் நாள் அவரை ரைஸ் மில்லுக்கு இழுத்துக்கொண்டு போய், நெல் மூட்டை நிறுக்கிற தராசில் ஏற்றி நிறுத்தினேன். எண்பத்திரண்டரை. எனக்கு வந்த கோபத்தில் வழியெல்லாம் அவருக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தேன்.

எங்கள் ஊரில் ஒரு மனுஷன் யார் மனசும் நோகாமல் சாப்பாட்டை மறுக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. கையில் காப்பு இருக்க வேண்டும். சாமிக்கு நேர்ந்துகொண்டு மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டவனிடம் யாரும் இலையை நீட்ட மாட்டார்கள். ஒரு வேளைச் சாப்பாடு, கறி மீன் கூடாது, அடுத்த வீட்டில் கை நனைக்கக் கூடாது. அய்யனார் கோவில் பூசாரி சோணையிடம் போய், "அவுகளுக்கு வயிறு சரியில்ல, ஒன்பது நாள் காப்புக் கட்டுறதா நேந்திருக்கேன்" என்று சொன்னேன். வயிறு சரியில்லை என்பது உண்மை. நேர்ந்தது மட்டும்தான் பொய். லீவில் ஒன்பது நாள் மிச்சம் இருந்தது. கணக்குச் சரியாக வருகிறது என்று நினைத்தேன்.

விஷயத்தை வீட்டில் சொன்னபோது அவர் கொஞ்சம் தயங்கினார்.

"சாமி விசயத்துல வெளாடுறியே, புள்ள."

"மதினி வீட்டுக் கோழியை நீங்க மறுத்துருவீகளா, சொல்லுங்க மச்சான்."

கையை நீட்டிவிட்டார்.

அதற்கப்புறம் ஊரே மாறிப்போனது. பொன்னுத்தாயி அக்கா அவரைக் கண்டால் கும்பிட்டாள். கோட்டைச்சாமி மாமா மோர் மட்டும் கொடுத்தனுப்பினார். காலையில் கண்மாய்க் கரையில் நடந்துவிட்டு வருவார். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு இலை போடுவேன். அவருக்குக் கொஞ்சம் கேழ்வரகுக் களி, முருங்கைக்கீரை. எனக்கும் அதேதான். அவரை எதிரே வைத்துக்கொண்டு நான் வேறு சாப்பிட எனக்கு மனசு வரவில்லை. அவர் உட்கார்ந்து, நிதானமாக, ஒரு கவளத்துக்கும் அடுத்த கவளத்துக்கும் நடுவில் பேசிக்கொண்டு சாப்பிட்டதை நான் அந்த வாரம்தான் பார்த்தேன். இவ்வளவு மெல்லச் சாப்பிடத் தெரிந்தவரா இவர் என்று ஆசையாக இருந்தது. காப்புக் கட்டினால் பாயும் தனி என்பதை மட்டும் நான் முன்னாலேயே யோசித்திருக்க வேண்டும். ராத்திரி அங்கே அவர் பெருமூச்சு விட, இங்கே நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கிடப்பேன்.

காப்புக் கட்டிய ஐந்தாம் நாள் ரைஸ் மில் தராசு எழுபத்தொன்பதரை காட்டியது. அன்று மத்தியானமே தந்தி வந்தது. பரிசோதனையை முன்கூட்டியே வைத்துவிட்டார்கள். பத்து நாளில் நடக்கும், ஆள் குறைவாக இருப்பதால் நாளை மறுநாளே வேலையில் சேர வேண்டும், வராவிட்டால் பறக்கிற பட்டியலில் பெயர் இருக்காது. மறுநாள் காலை பஸ்ஸைப் பிடித்தால்தான் முடியும்.

அவர் பெட்டியை எடுத்து வைக்கிறார் என்று தெரிந்ததும் கோட்டைச்சாமி மாமா வேகமாக வந்தார்.

"காப்புக் கட்டுனவன் எல்லை தாண்டக் கூடாது, கருத்தையா. நாலு நாள் பொறு. கம்பெனிக்காரனுக்கு ஒரு தந்தி குடு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சோற்றை மட்டுமே நினைத்துக் கட்டின காப்புக்கு எல்லை என்று ஒன்றும் உண்டு. எங்கள் ஊர் எல்லைக்கல் அய்யனார் கோவிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பஸ் நிற்கிற புளியமரம் அதற்கு அங்குட்டுப் பத்தடி தள்ளி.

பொன்னுத்தாயி அக்கா அழுதே விட்டாள். "தரையில போறவுகளா இருந்தாலும் பரவாயில்ல, வானத்துல போறவுக."

எனக்கு அவர் அறுத்து எறிந்துவிட்டுப் போவார் என்று நினைப்பு. காலேஜ் படித்தவர், நாலு தேசம் பார்த்தவர். உள்ளே வந்து கயிற்றைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல, வீரா. ஆனா நூத்தம்பது பேரு ஏறுற விமானம். மனசுல முள்ளை வச்சுக்கிட்டு நான் அதுல ஏற மாட்டேன். பட்டியல்ல பேரு போனாப் போகட்டும்."

நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். நாலு நாள் கழித்துக் காப்பு அவிழும், பறக்கிற வேலை போயிருக்கும், மெட்ராசில் வீடு கிடைக்கும், சாயங்காலம் ஆனால் வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்கும். நான் ஆசைப்பட்டது அத்தனையும் நானே கட்டின கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அடுப்படியில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். வெளியே வந்து பார்த்தால் அவர் சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். என்னால் பொறுக்க முடியவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கோவிலுக்குப் போனேன். அக்காவும் மாமாவும் பின்னாலேயே வந்தார்கள்.

சோணை விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லார் முன்னாலும் சொன்னேன்.

"நான் நேந்துக்கிடவே இல்ல. பொய் சொன்னேன். அக்கா, ஒங்க வீட்டுக் கோழிக்குப் பயந்து கட்டுனது. வேண்டாம்னா ஒங்களுக்கு மனசு நோகுது. தின்னா அவுக வேலை போகுது. எனக்கு வேற வழி தெரியல."

பொன்னுத்தாயி அக்கா என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் தலை குனியத்தான் தோன்றுகிறது. சோணை துணியைக் கீழே வைத்தார்.

"பொய்யாக் கட்டுனாலும் காப்பு காப்புதேன், ஆத்தா. மஞ்சளுக்கு அது தெரியுமா? அவுக்கலாம். ஆனா வேற ஒரு கை வாங்கிக்கிடணும். தாலி கட்டுன உறவா இருந்தா ரொம்ப நல்லது. மறுபடி மொதல்ல இருந்து ஒன்பது நாள். எல்லை தாண்டக் கூடாது."

அரக்குச் சேலை மனசில் வந்து போனது. திருச்சி, கண்மாய், சன்னல் எல்லாம் வந்து போனது. "கட்டுங்க" என்று கையை நீட்டினேன்.

மறுநாள் காலை அவரோடு எல்லைக்கல் வரைக்கும் நடந்தேன். வறுத்து அரைத்த கம்புமாவும் கொள்ளுப்பொடியும் இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுக் கொடுத்திருந்தேன். சுடுதண்ணியோ மோரோ விட்டுக் கலக்கினால் போதும். அவர் கல்லுக்கு அந்தப்பக்கம், நான் இந்தப்பக்கம்.

"டிக்கெட் வீணாப் போச்சே, புள்ள."

"நின்னுக்கிட்டுத் திங்காதீக. அது போதும் எனக்கு."

பஸ் ஏறும்போது அவர் சிரிக்கவில்லை. அந்தப் பல்லைப் பார்க்காமல் அனுப்பியது அந்த ஒரு தடவைதான்.

ஒன்பது நாளும் பன்னிரண்டு மணிக்கு ஒரு வேளை சாப்பிட்டேன். தனியாகச் சாப்பிடக் களி இறங்கவே மாட்டேன் என்றது. பொன்னுத்தாயி அக்கா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் பறித்த கீரையோடு வந்து, நிலைப்படியில் உட்கார்ந்து ஆய்ந்து கொடுத்தாள். "கோழி வேணாம்னு எங்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல" என்றாள். சொன்னோமே, கேட்டீர்களா என்று நான் கேட்கவில்லை.

காப்பு அவிழ்ந்த மறுநாள் தந்தி வந்தது. எழுபத்தாறரை, தேறிவிட்டேன் என்று இருந்தது. அக்கா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள். அவள் போட்ட கோழியால்தான் அவர் தேறினார் என்று நினைக்கிற அளவுக்குப் பெருமை.

அதற்கு இரண்டு நாள் கழித்துக் கடிதம். சித்திரைக்கு எனக்கு வேறு டிக்கெட் கேட்டிருப்பதாக எழுதியிருந்தார். கீழே இப்படி இருந்தது.

"போகிற ஊருக்குத் தக்கபடி கடிகாரத்தை மாற்றி வைப்பது எங்கள் வழக்கம். இந்த முறை நான் மாற்றவில்லை. கொழும்போ சிங்கப்பூரோ, நம் ஊரில் பன்னிரண்டு மணி ஆகும்போது ஒரு ஓரமாக உட்கார்ந்து உன் கம்புமாவைக் கலக்கிக் குடித்தேன். கூட வேலை செய்கிறவர்கள் சிரித்தார்கள். காப்பு உன் கையில் இருந்தாலும் விரதம் எனக்கும்தானே. நீ தனியாகச் சாப்பிடவில்லை என்று உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்."

நான் அதைப் படித்தபோது மணி பதினொன்றரை. காப்பு அவிழ்ந்துவிட்டது, இனி எப்போது வேண்டுமானாலும் சாப்பிடலாம், பசியும் இருந்தது. அரை மணி நேரம் காத்திருந்தேன். பன்னிரண்டு அடித்ததும் இலை போட்டு உட்கார்ந்தேன். இன்றைக்கும் அப்படித்தான். அவர் எந்தத் தேசத்தில் இருந்தாலும் நாங்கள் இரண்டு பேரும் தினமும் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம்.