பாதி எழுது

கலீல் ரஹ்மானுக்கு அழகுமலை தர வேண்டியது ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய். மூக்குக் கண்ணாடி வாங்கிய கடன். மழையில் திராட்சை வெடித்துத் தோட்டங்களில் வேலை இல்லாமல் கிடந்த சமயம், "எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி தெரியுது மாமா" என்று பேச்சுவாக்கில் சொன்னார் அழகுமலை. மறுநாளே அவரைச் சின்னமனூருக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடி போட்டுவிட்டவர் கலீல்.

இப்போது ஓடைப்பட்டிக் கமிஷன் கடையை மூடிவிட்டு, கலீல் கோட்டயத்தில் இருக்கும் மகன் வீட்டோடு போகிறார். இன்றைக்குச் சாயங்காலம் லாரி. கடன்காரனாக நின்று கையசைத்து வழியனுப்ப அழகுமலைக்கு மனம் வரவில்லை. திராட்சைக் கொடிக்குக் கவாத்து வெட்டிய கூலியைச் சேர்த்து எடுத்துக்கொண்டு, சட்டைப் பையை உள்ளங்கையால் பொத்தியபடியே கடைக்கு வந்தார்.

கலீல் தொழுகைக்குப் போயிருந்தார். அவர் மகள் ரெஹானா அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று செல்போனில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தா இல்லையா ஆத்தா? கண்ணாடிக் காசு கொண்டாந்திருக்கேன்."

"அதுவா மாமா? அதை ரைட் ஆஃப் பண்ணிரச் சொல்லிட்டாக அத்தா" என்றாள். அதற்குள் போன் அடித்தது. "லாரி எங்கன வருது?" என்று கேட்டுக்கொண்டே வெளியே போய்விட்டாள்.

இங்கிலீஷ் சுத்தமாகத் தெரியாதவராக இருந்தால் அழகுமலை அர்த்தம் கேட்டிருப்பார். கொஞ்சம் தெரிந்ததுதான் வம்பாகப் போயிற்று. ரைட் என்றால் எழுது. ஆஃப் என்றால் பாதி. ஆஃப் டிக்கெட், ஆஃப் பாயில். பாதியை விட்டுக்கொடுத்துப் பாதியை எழுதச் சொல்லியிருக்கிறார் மாமா. எதிர்த்த டீக்கடைக்குப் போய்ச் சில்லறை மாற்றிக்கொண்டு வந்து பெட்டி மேல் உட்கார்ந்தார்.

பழைய அட்டையின் வாசம் மூக்கில் ஏறியது. கலீல் கடை போடுவதற்கு முந்தி இரண்டு பேரும் ஒரே பேக்கிங் ஷெட்டில் பெட்டி சுமந்தவர்கள். மேலே எது, கீழே எது என்று படிக்கத் தெரியாமல் ஒரு லோடு முழுக்கத் தலைகீழாக அடுக்கி, பழம் நசுங்கிப்போனது. அதற்கப்புறம்தான் ஆபீஸில் பில் போடுகிற யுவராணியை விட்டுச் சுமைக்காரர்களுக்கு எழுத்துச் சொல்லித்தர ஏற்பாடு செய்தார் முதலாளி. தமிழும் இங்கிலீஷும் சேர்ந்தே வந்தன. கிழிந்த பெட்டியின் உள்பக்கம்தான் பலகை. பழச்சாற்றில் ஊதாவாகிப்போன விரல்களோடு, நாற்பது தாண்டிய ஆம்பிளைகள் மார்க்கர் பேனாவுக்கு அடித்துக்கொண்டார்கள்.

ரைட் என்ற சொல் வந்த அன்றைக்குக் கலீல் எழுந்து நின்றுவிட்டார்.

"ஏம்மா, எழுதுறதும் ரைட்டு, சரிங்கிறதும் ரைட்டு, பஸ்ஸைக் கெளப்புறதும் ரைட்டு. இந்த எழுதுற ரைட்டுக்கு மட்டும் முன்னாடி ஒரு டபிள்யூ நிக்கிதே, அதுக்கு என்ன சோலி?"

"அது சத்தம் போடாதுண்ணே. சும்மா நிக்கும்."

"அட, நம்ம மேஸ்திரி!" என்றார் அழகுமலை. "நிப்பாரு. பெட்டி தூக்க மாட்டாரு. சம்பளம் மட்டும் முழுசு!"

ஷெட்டே சிரித்தது. பின்னால் நின்ற மேஸ்திரி அன்றைக்கு யாருக்கும் டீ வாங்கித் தரவில்லை. சத்தமில்லாத எழுத்துக்கெல்லாம் அதிலிருந்து மேஸ்திரி என்றே பெயர். அழகுமலை எழுதும்போது மட்டும் மேஸ்திரிகளை விட்டுவிடுவார். "சோலி பார்க்காதவனுக்கு எதுக்கு எடம்?" என்பார். யுவராணி தலையில் அடித்துக்கொள்வாள். பிறகு அவளுக்குக் கல்யாணமாகித் திருப்பூர் போனாள். வகுப்பு அதோடு நின்றது. ஆனாலும் கடைப் பலகையோ லாரி நெற்றியோ, எதைக் கண்டாலும் இருவரும் போட்டி போட்டுப் படிப்பார்கள்.

கலீல் வந்தார். அழகுமலை எழுந்து தொள்ளாயிரத்து இருபத்தைந்து ரூபாயை நீட்டினார்.

"என்ன மாப்ளே இது?"

"நீங்க சொன்ன கணக்குத்தான் மாமா. பாதி எழுது."

உள்ளே வந்த ரெஹானாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஐயோ மாமா, அது அந்த ஆஃப் இல்ல. மோட்டாரை ஆஃப் பண்றோம்ல, அந்த ஆஃப். ரைட் ஆஃப்னா முழுக்கத் தள்ளுபடி. ஒண்ணும் தர வேணாம்."

அழகுமலைக்கு முகம் செத்துப்போயிற்று. "தள்ளுபடியா? நான் மனு கொடுத்தேனா மாமா? போற நாள்ல என்னை இல்லாதவன்னு சொல்லிட்டுப் போறீகளா?" கண்ணாடியைக் கழற்றிப் பெட்டி மேல் வைத்தார். "அப்ப இதையும் வச்சுக்கங்க."

கலீல் கண்ணாடியை எடுத்துத் தன் வேட்டி நுனியில் துடைத்தார்.

"ஏ ரெஹானா, நீ படிச்சது காலேஜு ஆஃப். நாங்க படிச்சது ஷெட்டு ஆஃப். மாப்ளே சொன்னதுதான் சரி." ரூபாயை வாங்கி, விரலில் எச்சில் தொட்டு எண்ணிப் பைக்குள் வைத்தார். "பாதி வந்துருச்சு. மீதிப் பாதிக்கு எழுது."

"என்னத்தை எழுத?"

"கோட்டயத்துல இறக்குறவனுக்குத் தமிழ் தெரியுமா? பெட்டிக்கெல்லாம் இங்கிலீஷ்ல பேர் போடணும். வெளியாளை வச்சா கூலி கேப்பான்."

அழகுமலை அவர் முகத்தைப் பார்த்தார். கேலி இல்லை. கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார். மார்க்கரை மூக்கருகில் கொண்டுபோனார். ஷெட்டு வகுப்பின் அதே வாசம். தட்டு, துணி, போர்வை என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்தார். கடைசிப் பெட்டி கவாத்துக் கத்திகள். நைஃப். 'என்' எழுத்தில் ஆரம்பித்து எழுதி முடித்தார்.

"இறக்குறவன் கைய அறுத்துக்கிருவான் மாப்ளே. ஒழுங்கா எழுது."

அழகுமலை பெட்டியை உற்றுப் பார்த்தார். பிறகு அந்த 'என்'னுக்கு முன்னால் நெருக்கிப் பிடித்து ஒரு 'கே' போட்டார்.

"மேஸ்திரியை நிப்பாட்டிட்டியா?"

"நிப்பாட்டிட்டேன் மாமா. இன்னைக்கு மட்டும்."

கலீல் மகள் பக்கம் திரும்பினார். ரெஹானா செல்போனில் அழகுமலை பெயரைத் தேடி, அந்தக் கடன் வரியை அழித்தாள்.

"அப்ப ரைட்டு" என்றார் கலீல்.

அவர் சொன்னது எந்த ரைட்டு என்று அழகுமலை கேட்கவில்லை. கத்திப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு லாரியைப் பார்த்து நடந்தார்.