டேப் ஒட்டிய சுவிட்ச்

ஓய்வுபெற்ற சர்வேயருக்குத் தெருவில் 'ரெண்டில்லை' என்று பட்டப்பெயர். பேப்பர்காரர், கூரியர்காரர், யார் அகப்பட்டாலும், "நீ வேற நான் வேறன்னு நினைக்கிறியே, அதுதாம்ப்பா பொய். ரெண்டில்லை" என்று பிடித்துக்கொள்வார். அவர் தலை தெரிந்தாலே ஆட்கள் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவர் பேச்சைக் கேட்க வீட்டிலும் ஆளில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், வீட்டை இரண்டாக்கிய புண்ணியவானே அவர்தான். பதினோரு வருஷத்துக்கு முன் தம்பியோடு முட்டிக்கொண்டு, அரை அங்குலம் பிசகாமல் அளந்து, நட்டநடுவே சுவர் எழுப்பினார். அன்று நின்ற பேச்சு நின்றதுதான். சண்டை எதற்கென்று கேட்டால் இப்போது இரண்டு பேருமே விழிப்பார்கள். தம்பியும் தனிக்கட்டைதான்.

சுவரைச் சரியாக அளந்த மனுஷன் வயரிங்கில் கோட்டைவிட்டார். வாசலிலிருந்து உள்ளே போகும் நடையில், அவர் பக்கத்துப் பல்புக்கான சுவிட்ச் தம்பி பக்கம் மாட்டிக்கொண்டது. தினமும் ஆறு மணிக்குப் பல்பு எரியும், பத்துக்கு அணையும். தம்பி தனக்கு விளக்குப் போடுகிறான், அதோடு சேர்ந்து இதுவும் எரிகிறது என்று அவர் நினைப்பு. போய்க் கேட்பதற்கு வீம்பு இடம் கொடுக்கவில்லை. இவர் பக்கமும் ஒரு சுவிட்ச் இருந்தது. போட்டால் எதுவும் எரியவில்லை. செத்த சுவிட்ச் என்று டேப் ஒட்டிவிட்டார்.

பல்புக்கு அடியில் நாற்காலி போட்டு, கண்ணை மூடி, 'நான் யார்?' என்று தன்னையே கேட்டுக்கொள்வது சாயங்கால வேலை. பதில் வந்தபாடில்லை. உள்ளதைச் சொன்னால், அந்த நேரத்தில் சுவருக்கு அப்பால் தம்பி செருமுவது கேட்கும். அதற்காகத்தான் அங்கே உட்கார்ந்தார். அதைத் தனக்குத்தானே கூட ஒப்புக்கொண்டதில்லை.

ஒரு திங்கட்கிழமை ஆறு மணிக்குப் பல்பு எரியவில்லை. புதுசு வாங்கி மாட்டினார். அதுவும் எரியவில்லை. செருமலும் இல்லை. "வேணும்னே பண்றான்" என்று பொருமினார். செவ்வாய்க்கிழமையும் இருட்டுதான். அன்று கோபம் வடிந்து பயம் பிடித்தது. வாசல் வரை போனார், திரும்பி வந்தார். தெருவுக்கெல்லாம் ரெண்டில்லை என்று சொன்ன வாய்க்கு, தம்பியை ஒரு குரல் கூப்பிடத் தைரியம் வரவில்லை.

புதன்கிழமை ஆறு அடித்ததும் பல்பு பளிச்சென்று எரிந்தது. அப்பால் செருப்புச் சத்தம். தம்பியின் காலடி இல்லை அது. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகச் சுவரைத் தட்டினார்.

"யாரு?"

"எலக்ட்ரீஷியன் சார். உங்க தம்பி சாவியக் குடுத்து அனுப்பினாரு. ஞாயித்துக்கிழமை ராத்திரி நடையில தடுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிஞ்சு ஆஸ்பத்திரில கிடக்கறாரு. ஆறு மணிக்குப் போயி அந்த சுவிட்சப் போட்டுடு, அண்ணன் இருட்டுல உக்காந்திருப்பாருன்னு ஒரே நச்சரிப்பு."

சர்வேயருக்கு ஒன்றும் ஓடவில்லை. "நடையில லைட் இருக்கறப்ப எப்படிப்பா தடுக்கி விழுந்தான்?"

"இந்தப் பக்கம் ஏது சார் லைட்டு? இந்த சுவிட்ச் உங்க பல்புக்கு மட்டும்தான். இங்க இருக்கற பல்புக்கு சுவிட்ச் உங்ககிட்ட மாட்டிக்கிச்சு. வேற லைன் இழுத்துத் தரேன்னு எத்தனையோ தடவ சொல்லிட்டேன். அண்ணன் ஒருநாள் போடுவாருன்னுட்டாரு. பல்ப மட்டும் துடைச்சுத் துடைச்சு வெப்பாரு. டார்ச்ச வெச்சே காலத்த ஓட்டிட்டாரு."

அவர் டேப்பை உரித்தார். சுவிட்சைப் போட்டார். இந்தப் பக்கம் புதிதாக எதுவும் எரியவில்லை.

"எரியுது சார்!" என்று சுவருக்கு அப்பாலிருந்து சத்தம் வந்தது.

அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவமானமாக இருந்தது. தன் வெளிச்சம் அவன் கையில் இருந்தது, அவன் வெளிச்சம் தன் கையில் இருந்தது. அவன் தினமும் போட்டான். இவர் டேப் ஒட்டினார்.

"சார், ஃபோன்ல உங்க தம்பி. எரியுதான்னு கேக்கறாரு."

"வலிக்குதான்னு கேளு."

"நீங்களே கேளுங்க, வாசலுக்கு வாங்க."

வாசலுக்கு வாசல் ஒன்பதரை அடி. அவர் அளந்ததுதான். செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். ஃபோனை வாங்கிக் காதில் வைத்தார்.

"ரெண்டு நாளா இருட்டுலயா உக்காந்திருந்தீங்க, அண்ணா?" என்றான் தம்பி.

"நான்..." என்று ஆரம்பித்தார் சர்வேயர். அதை அப்படியே விட்டுவிட்டு, "எந்த ஆஸ்பத்திரிடா? இதோ வரேன்" என்றார்.